மணமுள்ள அந்நியப் பொருள்

“நீ ஏரோபிளேன்ல ஒரு தடவையாச்சும் ஏறியிருக்கியாம்மா?”

விமானப் பயிற்சிப் பள்ளியின் மேலாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர்களுடைய சின்னப் பயிற்சி விமானம் ஒன்று திருவாதவூர்ப் பக்கம் ஒரு வயலில் இறங்கிக் கிடந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே இன்ஜின் ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க வந்த குழுவில் நான் ஒருத்தி. குழு என்றால் இரண்டு பேர். சென்னையிலிருந்து வந்த மூத்த அதிகாரி, அவருக்கு உதவியாக நான். அதிகாரிக்குக் காபி கொடுத்தார்கள். எனக்கு இந்தக் கேள்வியைக் கொடுத்தார்கள்.

இல்லை என்றேன். நான்கு வருடம் விமானப் பொறியியல் படித்தேன். இரண்டு வருடம் பட்டறையில் நகக்கண்ணெல்லாம் கறுக்க இன்ஜின் பிரித்தேன். ஆனால் விமானத்தில் ஏறியதில்லை. பிரசவம் பார்க்கிற ஆண் டாக்டரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அதிகாரி முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

“அதானே பார்த்தேன்” என்று மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் ஆயுத பூஜைப் படம் பெரிதாக மாட்டியிருந்தது. பட்டு வேட்டியில் அவர், கையில் தட்டு, பின்னால் மாலை போட்ட விமானம். பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் படத்துக்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். அந்தப் பள்ளியில் அவ்வளவு வேகமாக நடந்த பராமரிப்பு வேலை வேறு எதையும் நான் பிறகு பார்க்கவில்லை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா அங்கேயே வெங்காயம் தரம் பிரிக்கிறார். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான், ஏழாம் வகுப்பு படிக்கும்போது. ஒரு மாதம் ஆனது. அதனால் ஒரு தாளின் அடியில் பெயரை எழுதுவது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. இந்தக் கதையில் அது பின்னால் வரும்.

நடந்தது இவ்வளவுதான். பூஜை விடுமுறை முடிந்து முதல் நாள். பயிற்சி மாணவி ஒருத்தி தனியாக விமானத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இருபது நிமிடம் போல் ஒழுங்காகப் பறந்த இன்ஜின் இருமியது, இழுத்தது, நின்றது. கீழே நாற்று நட உழுது தண்ணீர் நிறுத்தியிருந்த வயல்கள். அடுத்த வயலில் ஆட்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை விட்டு விலக்கி, காலியாகக் கிடந்த ஒரு வயலில் இறக்கினாள். சக்கரம் சேற்றில் மாட்டி முறிந்தது. இடது இறக்கை வரப்பில் அமுங்கி நின்றது. அவளுக்கு நெற்றியில் ஒரு வீக்கம், கையில் சுளுக்கு. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. மறுநாள் ஒரு பத்திரிகையில் இன்ஜின் கோளாறு என்றார்கள். இன்னொன்றில் நடுவானில் தீ என்றார்கள். எங்கள் தெரு டீக்கடையில் அந்தப் பெண் செல்போன் பேசிக்கொண்டே ஓட்டியதாக முடிவு செய்துவிட்டார்கள்.

நாங்கள் வயலுக்குப் போனபோது எனக்கு அது விபத்து நடந்த இடமாகவே தெரியவில்லை. விமானத்தின் மூக்கில் எலுமிச்சம்பழம். வளைந்துபோன விசிறியில் வேப்பிலை. கதவு நெடுக மஞ்சள், அதன் மேல் குங்குமம். வானத்திலிருந்து வந்தது, ஒருவரையும் தொடாமல் இறங்கிவிட்டது, ஆகவே சாதாரண வண்டி இல்லை என்று ஊர்ப் பெண்கள் முடிவு செய்திருந்தார்கள். கற்பூரம் மட்டும் கூடாது, உள்ளே பெட்ரோல் இருக்கிறது என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரர் தடுத்திருக்கிறார். இந்த விவகாரம் முழுவதிலும் ஒரு பாதுகாப்பு விதியைக் கடைப்பிடித்த ஒரே மனிதர் அவர்தான்.

கிராம நிர்வாக அலுவலர் பயிர்ச்சேதப் படிவத்தோடு வந்திருந்தார். படிவத்தில் வெள்ளம், வறட்சி, பூச்சி, காட்டுப்பன்றி எல்லாம் இருந்தன. விமானம் இல்லை. வெகுநேரம் யோசித்துவிட்டு “இதர விலங்குகள்” என்ற கட்டத்தில் டிக் செய்தார்.

வயல்காரர் என்னிடம்தான் வந்தார். அதிகாரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், நான் சேற்றில் நின்றேன். அந்த நெருக்கமாக இருக்கலாம்.

“எப்பத் தாயி இதத் தூக்குவீக? நாத்து முத்திக்கிட்டு இருக்கு.”

“விசாரணை முடியணும்ணே. அதுவரைக்கும் இது சாட்சி.”

“எது? இதுவா? என்னைய எவனும் ஒண்ணும் கேக்கல, இதத்தான் சாட்சிங்கிறீக.”

அப்போது நானும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. அது என் தப்பு.

இரண்டு தொட்டிகளிலும் பெட்ரோல் இருந்தது. நல்ல பெட்ரோல். இன்ஜினை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு ஏற்றினோம். மீதி உடல், இறக்கைகளோடு வயலிலேயே கிடந்தது, கிரேன் உள்ளே வர ஈரம் காய வேண்டும் என்றார்கள். மூன்று நாள் ஒவ்வொரு போல்ட்டாகப் பிரித்தேன். பிஸ்டன், வால்வு, பிளக், கார்புரேட்டர், எல்லாமே சுத்தம். திரும்பப் பூட்டி, பட்டறைத் தொட்டியிலிருந்து பெட்ரோல் கொடுத்து ஓட்டிப் பார்த்தோம். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. எனக்கு அவ்வளவு பெருமை. இன்ஜினில் குறையே இல்லை என்று நான்கு பக்கம் எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன்.

அந்த நான்கு பக்கத்தை மேலாளர் கையில் பார்த்தபோதுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. இன்ஜின் நன்றாக இருக்கிறது. பெட்ரோல் இருக்கிறது. அப்படியானால் நின்றதற்குக் காரணம் ஓட்டியவள்தான். பயந்துபோய் எதையோ தப்பாக இழுத்து அணைத்துவிட்டாள். பள்ளி இதை ஒரு கடிதமாகவே எழுதி வைத்திருந்தது, என் வேலைக்கு நன்றி தெரிவித்து. அறிக்கையும் அதையே சொன்னால் அந்தப் பெண்ணின் உரிமம் போய்விடும். ஓட்டத் தெரியாதவள் என்ற முத்திரையோடு இனி எந்தக் கம்பெனியும் அவளை விமானி அறைப் பக்கம் விடாது.

அவள் அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவர்கள் இருவரும் மதுரையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல் கைகளை மடியில் வைத்திருந்தார்கள். “நான் ஒண்ணையும் அணைக்கலக்கா” என்றாள் அவள். நான் என் நான்கு பக்கப் பெருமையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த நாள் அப்பாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். திண்டுக்கல் ரோட்டில் வண்டி நின்றது, ஒரு வாரமாகவே இப்படித்தானாம். அப்பா பெட்ரோல் பங்க்காரரின் குடும்பத்தை மூன்று தலைமுறை வரை விசாரித்தார். பிறகு தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். உஸ்ஸென்று ஒரு சத்தம். மூடியைப் போட்டு உதைத்தார், ஓடியது. அரை மைல் போனதும் மறுபடி நின்றது. மறுபடி மூடி, மறுபடி உஸ்.

மூன்றாம் முறை நான் இறங்கி மூடியைப் பார்த்தேன். நடுவில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். காய்ந்து கல்லாகியிருந்தது. அந்த வாரம் மதுரையில் பொட்டு வைக்காத வண்டியே கிடையாது. ஆட்டோ, லாரி, தையல் மெஷின், எங்கள் பட்டறைக் கம்ப்ரெசர், என் லேப்டாப், எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் மொபெட் மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் தொட்டியில் பெட்ரோல் இருந்தும் கீழே இறங்காது. நான் ஹேர்பின்னால் சுரண்டினேன்.

“சாமிக்கு வச்சத ஏன்டி சொரண்டுற?” என்றார் அப்பா.

“மூச்சு விடட்டும்ப்பா.”

வண்டி பரவை வரை நிற்காமல் ஓடியது. நான்தான் பாதி வழியில் மூச்சு விட மறந்திருந்தேன். அந்த விமானத்திலும் இதே ஏற்பாடு உண்டு. இடது இறக்கையின் அடியில், பேனா கனத்துக்கு ஒரு குழாய் கொக்கி போல் வளைந்து முன்னால் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தொட்டிக்கும் அதுதான் மூக்கு. பூஜைத் தட்டோடு வருகிற கை முதலில் தேடுவதும் இப்படி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஒன்றைத்தான்.

அதிகாரியைப் போனில் கூப்பிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னார். பிறகு, நாளைக்குக் காலையில் வயலுக்குப் போகலாம், பள்ளிக்காரர்களும் கூட இருக்கட்டும், அதுவரை யாரிடமும் அந்த வார்த்தையைச் சொல்லாதே என்றார். எந்த வார்த்தை என்று கேட்டேன். அதை அவரும் சொல்லவில்லை.

மறுநாள் வயலில் எல்லோரும் இருந்தோம். இந்தத் தடவை நான் முதலில் வயல்காரரிடம் போனேன். இறங்கிய உடனே அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்டேன். ஒரு வாரமாக இதற்காகவே காத்திருந்தவர் போல் ஆரம்பித்தார். கதவைத் திறந்து வெளியே வந்திருக்கிறாள். நெற்றியில் வீக்கம். தண்ணீர் கொடுத்ததை வாங்காமல் நேராகச் சாய்ந்து கிடந்த இறக்கை மேல் ஏறி மூடியைத் திறந்திருக்கிறாள், பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க.

“தொறந்ததும் உஸ்ஸுன்னு ஒரு சத்தம் தாயி. நல்ல பாம்புன்னு நெனச்சு நாங்க அம்புட்டுப் பேரும் வரப்புல ஏறிட்டோம்.”

மேலாளர் சிரித்தார். பாம்புச் சத்தத்தையெல்லாம் அறிக்கையில் எழுதுவீர்களா என்று அதிகாரியிடம் கேட்டார். நான் ஏற்கனவே எழுதிக்கொண்டிருந்தேன்.

நடவுக்கு வந்திருந்த ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து இறக்கையைத் தூக்கிப் பிடித்தார்கள். வரப்பு மண்ணில் அதன் அச்சு அப்படியே இருந்தது. குழாயின் மேல் களிமண் உருண்டையாக அப்பியிருந்தது. படம் எடுத்தேன், பிறகு மண்ணைப் பிளேடால் தோல் சீவுவது போல் எடுத்தேன். மண்ணுக்குக் கீழே சிவப்பு. சிவப்புக்குக் கீழே மஞ்சள் கலந்த வெளிர் நிறம். குழாய்க்குள் விரல் நக ஆழத்துக்கு அது அடைத்துக்கொண்டு கெட்டியாக இருந்தது. காற்றில் ஈரச் சேறு நாறிக்கொண்டிருந்தபோது அந்த ஒரு இடத்தில் மட்டும் கல்யாண வீட்டு வாசனை வந்தது.

தொட்டி மூடியில் காற்றுக்கு மாற்று வழியாக ஒரு துளை உண்டு. அதன் ரப்பர் எப்போதோ இறுகிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் படம் எடுத்தேன்.

மேலாளர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஊர் மக்கள் விமானத்துக்குப் பூஜை செய்ததை நாமெல்லாம் பார்த்தோமே, அவர்கள் வைத்ததுதான் இது என்றார். விபத்துக்குப் பிறகு வைத்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதிகாரியும் தலையாட்டத் தொடங்கினார்.

“யோவ், நாங்க வச்சது மஞ்சளு” என்றார் வயல்காரர். “ஏரோப்பிளேனுக்குச் சந்தனம் வைக்கிற வசதி எங்க ஊருல இல்ல. அதுவும் எறக்கைக்கு அடியில, வரப்புக்குள்ள கையவிட்டு எவன்யா பொட்டு வப்பான்?”

அதுதான் விஷயம். இறங்கிய நிமிடத்திலிருந்து அந்தக் குழாய் வரப்புக்குள் புதைந்திருந்தது. மண் மேலே, சந்தனம் கீழே. சந்தனம் முதலில் வந்தது. என்னுடைய நான்கு வருடப் படிப்பும் சொல்ல வேண்டியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார், கொஞ்சம் மரியாதைக் குறைவாக. சாட்சிக் கையெழுத்து அவரிடமே வாங்கினேன். கட்டை விரலா கையெழுத்தா என்று ஒருவர் கேட்டதற்கு வயல்காரர் பேனாவைப் பிடுங்கி, தாளில் பாதியை அடைத்துப் போட்டார்.

அன்று மாலை அந்த மாணவியைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் விமானத்தைச் சுற்றி வந்து பார்க்க ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தக் குழாய் திறந்திருக்கிறதா என்பதும் அதில் ஒரு வரி. அவள் அதில் டிக் செய்திருந்தாள். பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“பார்த்தேன்க்கா.”

“பார்த்துமா டிக் பண்ண?”

“எல்லாப் பிளேன்லயும் இருந்துச்சு. துடைக்கவான்னு கேட்டேன். சாமிக்கு வச்சத அழிக்கக் கூடாது, பறந்தா தானா உதிர்ந்துரும்னு மேனேஜர் சார் சொன்னார். காலைல விமானத்தச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட இன்ஜினியர் சாரும் பக்கத்துலதான் நின்னாரு.” அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். “வேற யாராச்சும்னா துடைச்சிருப்பாங்க. நான் துடைச்சா அது வேற மாதிரி ஆயிரும்க்கா. எங்க வீடு சர்ச்சுக்குப் போற வீடு.”

அவளுடைய அப்பா மேசையில் இருந்த விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். ஏற்கனவே அடுக்கியிருந்தவைதான். துடைத்திருக்க வேண்டும் என்றேன். அது உண்மை. அவள் இடத்தில் நான் இருந்தால் துடைத்திருப்பேனா என்று கேட்டுக்கொண்டபோது என் லேப்டாப்பில் இருந்த பொட்டு நினைவுக்கு வந்தது. விசிறித் துளைக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன்.

வரைவு அறிக்கை வந்தது. அதிகாரி நல்ல மனிதர், ஓய்வு பெற ஏழு மாதம் இருந்தது. அந்த ஏழு மாதமும் அறிக்கையின் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. சந்தனம் என்ற சொல் எங்கேயும் இல்லை. “தாவர மூலத்தைச் சேர்ந்த, மணமுள்ள அந்நியப் பொருள்” என்றிருந்தது. அது எப்படிக் குழாய்க்குள் போனது என்பதற்கு “அறியப்படாத சூழ்நிலையில்” என்றிருந்தது. குங்குமம் “சிவப்பு நிறத் துகள்”. விபத்துக்கு முதன்மைக் காரணம் என்ற இடத்தில் மட்டும் மொழி தெளிவாக இருந்தது: பயிற்சி விமானியின் முன்சோதனைக் கவனக்குறைவு.

சார், இதை யார் வைத்தார்கள் என்று எழுதவில்லையே என்றேன்.

“எழுதலாம்மா. நாளைக்குப் பூஜையே கூடாதுன்னு சொன்ன ஆபீசர்னு பேப்பர்ல என் படத்தப் போடுவான். உன் படத்தையும் போடுவான்.”

“பூஜை கூடாதுன்னு யார் சார் சொன்னா? அந்த ஓட்டையில வைக்கக் கூடாதுன்னுதானே சொல்றோம்.”

“அவ டிக் பண்ணியிருக்கா இல்லையா? அது உண்மை இல்லையா?”

உண்மைதான். அதுதான் என்னைக் குடைந்தது. அறிக்கையில் பொய் ஒன்றுகூட இல்லை. அன்று காலையில் அந்தப் பொட்டை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூவரில் அதிகாரம் குறைந்தவளின் பெயர் மட்டும் தாளில் மிஞ்சியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். ஒன்று போட்டாயிற்று. அதிகாரி தன் பேனாவையே என்னிடம் நீட்டினார். என் அப்பா ஒரு மாதம் பழகிய காரியத்தை இரண்டு நொடியில் செய்யச் சொல்கிறார் என்று தோன்றியது. படித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

பள்ளிக்கு ஒரு முறை மட்டும் மறுபடி போனேன், மூடி ரப்பரின் பழைய பதிவேடுகளைக் கேட்டு. மற்ற நான்கு விமானங்களும் பளபளவென்று கழுவி நின்றன. விபத்து நடந்த மறுநாளே கழுவியதாகக் காவலாளி பெருமையாகச் சொன்னார். மேலாளர் அறையில் பதிவேட்டுக்காகக் காத்திருந்தேன். எங்கள் பள்ளியில் விமானங்களுக்குச் சந்தனம் வைக்கும் வழக்கமே இல்லை, மாலை மட்டும்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்துக்குள் பட்டு வேட்டி, தட்டு, தட்டில் சந்தனக் கிண்ணம். இறக்கையின் அடியில் வரிசையாகப் பொட்டுகள். கடைசிப் பொட்டு அந்தக் கொக்கிக் குழாயின் வாயில். மோதிர விரல் இன்னும் அதன் பக்கத்தில்தான் இருந்தது.

“பூஜைப் படம் நல்லா இருக்கு சார். ஒரு போட்டோ எடுத்துக்கவா?”

“எடுத்துக்கம்மா” என்றார். சட்டை காலரைச் சரிசெய்துகொண்டு படத்துக்குக் கீழே வாகாக நிமிர்ந்தும் உட்கார்ந்தார்.

வரைவில் நான் கையெழுத்துப் போடவில்லை. தனியாக ஆறு பக்கம் எழுதினேன். சந்தனத்தைச் சந்தனம் என்று எழுதினேன். மாணவி டிக் செய்ததையும் எழுதினேன், அதை மறைத்தால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள். அவள் கேட்ட கேள்வி, கிடைத்த பதில், பக்கத்தில் நின்று கையெழுத்திட்ட பொறியாளர், இறுகிய ரப்பர், கழுவிய நான்கு விமானங்கள், வயல்காரர் கேட்ட உஸ், எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். மண்ணுக்குக் கீழே சந்தனம் இருக்கும் படத்தையும், மோதிர விரல் படத்தையும் சேர்த்தேன். கடைசிப் பக்கத்தில் என் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் டெல்லிக்கு அனுப்பினேன். ஒரு நகலை அதிகாரியிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்தார். “எழுத்து நல்லா இருக்கு” என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன், வேறு எப்படியும் எடுத்துக்கொள்ள முடியாததால்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மாணவியின் உரிமம் பற்றி முடிவெடுக்கும் விசாரணை டெல்லியில் நடக்கிறது, ஆறு பக்கத்தை எழுதியவர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று. மேலாளரும் வருகிறாராம். ரயிலில் போனால் விசாரணை முடிந்த மறுநாள்தான் போய்ச் சேருவேன், கடிதம் அவ்வளவு தாராளமாக நேரம் கொடுத்திருந்தது.

விமானத்தில்தான் போக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். எம்புட்டு உயரத்தில் போகும், ஏறுவதற்கு முன்னால் அடியில் ஒரு தடவை குனிந்து பார்க்க விடுவார்களா என்று கேட்டார். விட மாட்டார்கள் என்றேன்.

நேற்று மதியமே டிக்கெட் போட்டுவிட்டேன். ஜன்னலோர இருக்கை, இறக்கை தெரிகிற வரிசை.